ஜன்னல் பக்கத்து இரண்டு முடிச்சுகள்

ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதிய விண்ணப்பங்களில் விசித்திரமானது, என் படுக்கையறை ஜன்னலின் ஒரு கம்பியை அறுத்தெடுக்க அனுமதி கேட்டு எங்கள் குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதியது. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி இருந்தன. காரணம் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. முப்பத்துநான்கு வருடம் கார்டன் ரீச்சில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய காரணங்களை அடித்துத் திருத்தியவன் நான். வேறு வழியில்லாமல் உண்மையை எழுதினேன்: "மேற்படி கம்பியில் என் காலஞ்சென்ற மனைவி போட்ட முடிச்சு ஒன்று உள்ளது. அதை அவிழ்க்காமல் எடுக்க வேண்டியிருக்கிறது."

என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர், பெஹாலாவில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கும் கலைஞர். நாற்பது வயது வங்காளிப் பெண். துக்கம், இழப்பு, நினைவு ஆகியவற்றில் பணிபுரிகிறவர் என்று அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், ஏதோ அவை ஒரே இலாகாவின் மூன்று பிரிவுகள் என்பது போல. எட்டு வருடமாக என்னை ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்றுதான் கூப்பிடுகிறார். நேரில் நானும் நீ என்றுதான் பேசுவேன். எழுத்தில் அவர் என்றே இருக்கட்டும். அந்த மரியாதைக்கு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

தற்காலக் கலையைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. நியூ டவுனில் இருக்கும் என் மகள் ஒருமுறை என்னை ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மணலைக் குவித்து, சுற்றிலும் கயிறு கட்டி, கிட்டே வராதீர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் அதையே கயிறு இல்லாமல், காலால் மிதித்துப் பார்க்கும் வசதியோடு, வருடம் முழுக்க வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நாள் காலை அந்தக் கலைஞர் மாடியேறி வந்து ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னபோது, கடிதத்தில்தான் எனக்கு அக்கறை இருந்தது, கலையில் இல்லை. அவர் பேசியது வங்காளத்தில். நான் தமிழில் தருகிறேன்.

"ஜேட்டு, நான் எழுதினா கவிதை மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்பிடறாங்க. நீங்க எழுதினா புரியாது, ஆனா கையெழுத்துப் போட்டுடுவாங்க."

"என்ன அனுமதி?"

"மூடிக் கிடக்கிற அச்சகக் கூடம் ஒண்ணு கிடைச்சிருக்கு. அதுல இருபத்தோரு கொசுவலை கட்டணும். துணி அதிகம், தீ ஆட்சேபணையில்லைச் சான்று கொண்டான்னு சொல்றாங்க."

"கொசுவலையா? யாருடையது?"

"செத்துப்போனவங்களோடது."

சர்க்கரை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பது போன்ற குரலில் அதைச் சொன்னார். நான் பேனாவை மூடினேன்.

அவருடைய அப்பா இறந்தபோது, சிராத்தத்துக்குப் புதுக் கட்டில், புது மெத்தை, புதுக் கொசுவலை எல்லாம் வாங்கிப் புரோகிதருக்குத் தானம் கொடுத்தார்களாம். பழைய வலையைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். இவர் செருப்பில்லாமல் ஓடி, இரண்டு தெரு தள்ளி வண்டியை மறித்து, அதைத் திரும்ப வாங்கி வந்தார். ஏன் ஓடினோம் என்று அப்போது அவருக்கே தெரியாது. வீட்டில் பிரித்துப் பார்த்தபோது நான்கு மூலையிலும் நான்கு கயிறு, நான்கும் நான்கு நீளம். ஒன்று பைஜாமா நாடா. ஒன்று ஷூ லேஸ்கள் இரண்டை முடிந்தது. காலி அறையில் அந்த நீளங்களின்படி வலையை இழுத்துக் கட்டியபோது, வலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றது. அப்பாவின் அறையில் அது எப்போதும் சாய்ந்திருந்தது போலவே. இங்கே ஜன்னல், இங்கே ஆணி, இங்கே அலமாரி என்று, சுவரே இல்லாமல் அந்த அறை வந்து நின்றதாம்.

"ஆளைப் படம் எடுத்து வெச்சுக்கறாங்க ஜேட்டு. அவர் படுத்த இடத்துக்கும் ஜன்னலுக்கும் எவ்வளவு தூரம்னு யாரும் எழுதி வைக்கறதில்லை."

பிறகு தன் பதிவேட்டைக் காட்டினார். நான் அவரிடம் விழுந்தது அங்கேதான். ஒவ்வொரு வலைக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு மூலைக்கும் கயிறு எந்தத் துணி, எத்தனை அங்குலம், எதில் கட்டப்பட்டிருந்தது, யார் கட்டுவது வழக்கம். அடித்தல் திருத்தல் இருந்த இடத்தில் சுருக்கொப்பமும் தேதியும். என் பிரிவில் என்னுடன் வேலை செய்த எவரும் இப்படி ஒரு பதிவேடு வைத்திருந்ததில்லை. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடிதம் எழுதினேன். அதில் கொசுவலை என்ற சொல் இருந்ததால், பெறுநர் அலுவலகத்தில் யாரோ அதைக் கொசு ஒழிப்புக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, "மேற்படி இடத்தில் புகை அடிக்கப்பட்டது" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. உண்மையிலேயே வந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவது கடிதத்தில் வலைத்துணி என்று எழுதி, நானே நேரில் போய் நின்று சான்றை வாங்கினேன்.

அதற்குப் பிறகு வலை கொடுப்பவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க நானும் கூடப் போகத் தொடங்கினேன். படிவம் நான் தயாரித்ததாயிற்றே. ஒரு வீடு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு விதவை. வாசலிலேயே எச்சரித்துவிட்டார்.

"அழச் சொன்னால் அழ மாட்டேன். போட்டோ எடுக்கிறதென்றால் கிளம்புங்கள்."

கலைஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கொசுவலைக்கு வங்காளத்தில் மொஷாரி, எங்கள் வீட்டுப் பேச்சில் மசாரி. "சாயங்காலம் மொஷாரியைக் கட்டறது யாரு?"

"அவர்தான். ஒரு நாளும் சரியாகக் கட்டியதில்லை. கால் பக்கம் எப்போதும் தாழ்ந்து என் கட்டைவிரலில் இடிக்கும். முப்பத்தொன்பது வருடம் சொன்னேன். நாளைக்குச் சரி பண்ணுகிறேன் என்பார்." பிறகு, "எந்தக் கட்டைவிரல் என்று கேட்க மாட்டாயா?" என்றார்.

"எது மாஷிமா?" பெரியம்மா என்று முறை வைத்துக் கேட்டார் கலைஞர்.

"இடது."

அது பதிவேட்டில் ஏறியது. ஒரு மணி நேரம் அந்த அம்மாள் பேசினார். கலைஞர் ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை, தலையைக்கூட அனுதாபமாகச் சாய்க்கவில்லை. அளந்தார், எழுதினார், அடுத்த மூலைக்குப் போனார். துக்கம் விசாரிக்க வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக விசாரித்தவரைப் பார்த்ததில்லை.

என் வீட்டு வலையைப் பற்றி இனிமேல் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் நான்கு மூலைகளும் இருவருக்கும் பிரிக்கப்பட்டிருந்தன. கதவுப் பக்கம் இரண்டு எனக்கு, ஜன்னல் பக்கம் இரண்டு என் மனைவிக்கு. எனக்கு வளையமும் கொக்கியும் உண்டு. மாட்டினால் முடிந்தது. அவளுக்குக் கொக்கியில் நம்பிக்கை கிடையாது. ஒரு மூலையைப் பழைய பாவாடை நாடாவால் ஜன்னல் கம்பியிலும், மற்றொன்றைப் புடவைக் கரையைக் கிழித்த துண்டால் பீரோக் கைப்பிடியிலும் முடிவாள். தினமும் மாலை ஐந்தரைக்குக் கட்டு, காலையில் அவிழ். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் ஐந்தரைக்குக் கட்டினாள், ஏழு மணிக்கு மூச்சு முட்டுகிறது என்றாள், எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்குத் திரும்பவில்லை.

அவளுடைய மரணம் தொடர்பான படிவங்கள் அத்தனையையும் நாற்பது நாளில் முடித்தேன். எங்கெங்கே அவள் பெயர் இருந்ததோ அங்கெல்லாம் நீக்கினேன். சான்றொப்பமிட்ட நகல்கள் பன்னிரண்டு எடுத்ததில் மூன்று மிச்சம். அந்த இரண்டு முடிச்சுகளை மட்டும் அவிழ்க்கவில்லை. காலையில் என் பக்கத்துக் கொக்கிகளைக் கழற்றி, வலையை ஜன்னல் பக்கம் ஒதுக்கிவிடுவேன். மாலையில் மறுபடி இழுத்து மாட்டுவேன். மூன்று வருடமாக வலை துவைக்கப்படவில்லை. துவைத்தால் அவிழ்க்க வேண்டும்.

ஒரு நாள் கடிதம் ஒன்றை வாங்க வந்த கலைஞர் திறந்திருந்த கதவு வழியாக அதைப் பார்த்தார். ஒதுக்கி வைத்த வலையை, கம்பியை, கைப்பிடியைப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டுக் கீழே போனார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஐந்து காரணங்கள் தயாராக இருந்தன. அவர் கேட்காததால் அவை வீணாயின. ஆசிரியை வீட்டுக்குப் போய் வந்து இரண்டு வாரம் கழித்து நானாகவே கீழே போய், "இருபத்திரண்டு என்று எழுதிக்கொள்" என்றேன்.

அவர் மகிழ்ச்சி காட்டவில்லை. "முடிச்சு?" என்றார்.

"அவிழ்க்கக் கூடாது. அது நிபந்தனை."

"நான் எந்த முடிச்சையும் தொடறதில்லை ஜேட்டு. கட்டியிருந்தா கட்டினபடி, அவிழ்ந்திருந்தா அவிழ்ந்தபடி. பீரோக் கைப்பிடியை ஸ்குரூவோட கழட்டிடலாம். ஜன்னல் கம்பியை என்ன பண்றது?"

"அறுக்கலாம். நான் அனுமதி வாங்குகிறேன்."

அப்படித்தான் அந்த விண்ணப்பம் பிறந்தது. சங்கச் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே வேலை இல்லாத மனிதர், ஆகவே மிகவும் கண்டிப்பானவர்.

"மோஷாய், கம்பியை அறுத்தால் திருடன் வருவான்." மோஷாய் என்றால் ஐயா.

"நான்காவது மாடிக்கா?"

"சரி, திருடனை விடுங்கள். முகப்பு கெடும். நாளைக்கு இரண்டாம் மாடிக்காரர் ஏசி வைக்க நாலு கம்பி அறுப்பார். கேட்டால் உங்களைக் காட்டுவார்."

"என் கம்பியில் முடிச்சு இருக்கிறது. அவர் கம்பியிலும் இருந்தால் அவருக்கும் கொடுங்கள்."

அவர் விண்ணப்பத்தை இரண்டாம் முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் மனைவி அவருக்குப் பௌதி, அதாவது அண்ணி. "பௌதி சரஸ்வதி பூஜைக்கு வருஷா வருஷம் புளியோதரை கொண்டுவருவார்கள்" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "கமிட்டியில் வைக்கிறேன். தீர்மானம் இல்லாமல் நடக்காது" என்றார்.

"தீர்மான வாசகம் மூன்றாவது இணைப்பாக வைத்திருக்கிறேன்."

"அதானே பார்த்தேன்" என்றார்.

ஏழு நாட்களுக்குள் புதுக் கம்பி பற்றவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது. கம்பி அறுக்கும் வெல்டரோடு கலைஞர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை மகள் நியூ டவுனிலிருந்து வந்திருந்தாள். அவள் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கம்பிவலை அடித்திருக்கிறது. அவள் குழந்தைகள் கொசுவலைக்குள் படுத்ததே இல்லை. அம்மாவின் வலை கண்காட்சிக்குப் போகிறது என்று போனில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான் சொல்லியிருந்தேன். செயலாளருக்குத் தெரியும், கமிட்டி உறுப்பினர்கள் ஏழு பேருக்கும் தெரியும், கேட்டருகே உட்கார்ந்திருக்கும் தர்வானுக்குக்கூடத் தெரியும். முடிச்சைப் பற்றிய கடிதத்துக்கு நகல் போகாத ஒரே ஆள் என் மகள்.

அனுமதிக் கடிதத்தில் முத்திரை விழவில்லை என்று அதை வாங்கப் போய், செயலாளர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மொட்டைமாடியிலிருந்து மகள் கூப்பிட்டாள். ஏறிப் போனேன். கொடியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அது வெள்ளை என்பதே எனக்கு மறந்திருந்தது.

"மூணு பக்கெட் தண்ணிப்பா, மூணும் கறுப்பு. இதுல எப்படி நீ படுத்துண்டிருந்தே? ஊர் பூரா வந்து பாக்கப்போறா. அந்த அம்மா வெச்சிருந்த மசாரி இப்படியான்னு கேக்க மாட்டாளா?"

"கயிறு?"

"அதையும் தோச்சுச் சுருட்டி வெச்சிருக்கேன். ஜன்னல்ல இருந்தது என்ன முடிச்சுப்பா அது? அரை மணி ஆச்சு. நகம் போச்சு. பல்லால கடிச்சுப் பாத்தேன், கடைசில ஊக்கை விட்டு நெம்பினேன்."

"யாரைக் கேட்டு அவிழ்த்தே?"

அலுவலகக் குரலில் கேட்டேன். அந்தக் குரலை வீட்டுக்கு நான் கொண்டுவந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"மசாரி தோய்க்கறதுக்கு யாரைக் கேக்கணும்?"

கையிலிருந்த கடிதத்தை, பின்னால் கோத்திருந்த என் விண்ணப்பத்தோடு, அவளிடம் நீட்டினேன். ஆங்கிலத்தில் எழுதியது, தடையில்லாமல் படித்தாள். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் படிப்பது நின்றது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏன்பா சொல்லலே?"

எனக்குக் கோபம் தணியவில்லை. கீழே இறங்கி வந்துவிட்டேன். மகள் சமைத்தாள், நான் சாப்பிட்டேன். மாலையில் நியூ டவுனுக்குத் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. தன் வீட்டுக்குப் போன் செய்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னது காதில் விழுந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குக் கலைஞர் வந்தார். பின்னால் வெல்டர், தோளில் பெட்டியோடு. வாசலிலேயே சொல்லிவிட்டேன், எல்லாம் ரத்து, இருபத்தொன்றோடு நிறுத்திக்கொள் என்று. மகள் உள்ளிருந்து வந்தாள். "நான்தான் அவிழ்த்தேன், அக்கா. தெரியாம செஞ்சுட்டேன்" என்று வங்காளத்தில் சொன்னாள். கண் வீங்கியிருந்தது.

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்வார்கள். நானாக இருந்தால் அறிக்கை கேட்பேன். கலைஞர் இரண்டையும் செய்யவில்லை. தரையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்படி அவிழ்த்தே? காட்டு" என்றார்.

"எப்படின்னா?"

"முதல்ல எந்த நுனி? மேல இருந்ததா, கீழ இருந்ததா?"

மகள் ஜன்னலருகே போய் நின்றாள். வெறும் கம்பியில் விரல்களை வைத்தாள். முதலில் சொற்களால் சொல்லப் பார்த்தாள், வரவில்லை. பிறகு விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கின. "இங்க ஒரு வால் உள்ள போயிருந்தது. அதை இப்படி நெம்பினேன். அப்புறம் கம்பியைச் சுத்தி மூணு சுத்து. ரெண்டாவது சுத்து மத்ததுக்கு மேல ஏறி உக்காந்திருந்தது, அதான் இறுகிப் போச்சு. அவிழவே மாட்டேன்னு பிடிச்சுண்டிருந்தது." கலைஞர் எழுதிக்கொண்டே போனார். சுருட்டிய நாடாவைப் பிரித்து, துவைத்தும் போகாத மடிப்புகளைக் காட்டி, "இது முதல் சுத்தா, மூணாவதா?" என்று கேட்டார். வெல்டர் பெட்டியை இறக்கிவிட்டு, "மேல ஏறின சுத்துன்னா சாமான் ஏத்தற வண்டிக்காரன் போடற முடிச்சு மாதிரி" என்று தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். அதுவும் பதிவாயிற்று.

பிறகு என்னைப் பார்த்து, "ஜேட்டு, சரியா இருக்கா? மூணு சுத்துதானே?" என்றார்.

வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை. இரண்டா மூன்றா, வால் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருடம் தினமும் இரு வேளை அதன் எதிரில் நின்றிருக்கிறேன். அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். அதைப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் நகத்தாலும் பல்லாலும் ஊக்காலும் அதனோடு மல்லாடியவளுக்குத்தான் அது தெரிந்திருந்தது.

"அவ சொல்றதை எழுதிக்கோ" என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "திரும்பக் கட்டிடட்டுமா? இப்ப எனக்கு வரும்."

"வேண்டாம்" என்றார் கலைஞர். "அவிழ்ந்தது அவிழ்ந்தபடிதான்." பிறகு எழுந்து கம்பியின் அருகே குனிந்தார். முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் கம்பியின் பச்சை வர்ணம் வெளுக்காமல், அழுக்குப் படாமல், விரற்கடை அகலத்துக்கு நேற்று அடித்தது போல இருந்தது. "அனுமதி இருக்குல்ல ஜேட்டு? இதை அறுக்கலாம்" என்றார்.

வெல்டர் அறுத்தார். தீர்மானத்தின் வாசகத்துக்கு அது முழுக்கப் பொருந்தவில்லை. முடிச்சே இல்லாத கம்பி. திருத்த மனு எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், எழுதவில்லை.

கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள் கலைஞர் ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வலையின் அருகிலும் ஒரு அட்டை, அதில் யார் கட்டியது என்று மட்டும் இருக்கும். எங்கள் அட்டை தமிழிலும் இருக்க வேண்டும், என் கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்றார். அவர் வங்காளத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கட்டியது: அம்மா. அவிழ்த்தது: மகள். எழுதிவிட்டு, பழக்க தோஷத்தால் மகளுக்குப் பிறகு இன்னொரு சொல்லைச் சேர்த்தேன்.

"நான் ரெண்டு வரிதானே சொன்னேன்? அது என்ன?"

"தவறுதலாக."

"தவறுன்னு யார் சொன்னது?"

வேறு அட்டை கேட்டு வாங்கி, முதலிலிருந்து எழுதினேன்.

அச்சகக் கூடத்தில் இருபத்திரண்டு வலைகள். சுவர்களில் ஆணி அடிக்கவில்லை. இரும்புக் குழாய்களை நட்டு, அந்தந்த வீட்டு ஆணியையும் கொக்கியையும் கைப்பிடியையும் அந்தந்த உயரத்தில் பொருத்தியிருந்தார். ஒவ்வொரு வலையும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பக்கம் விறைத்து, யாரோ தம் அறையில் படுத்திருப்பது போலவே நின்றது. உள்ளே ஒரு பாய் மட்டும். ஒரு சமயத்தில் ஒருவர் போய் உட்காரலாம். ஆசிரியை வீட்டு வலையின் கால் பக்கம் தாழ்ந்துதான் இருந்தது. அந்த அம்மாள் உள்ளே போய்ப் படுத்து, இடது காலை நீட்டி, இடிக்கிறதா என்று பார்த்தார். இடித்தது. எழுந்து வந்து, "சரியாகத்தான் கட்டியிருக்கிறாய்" என்று கலைஞரிடம் சொன்னார். அதைவிட நல்ல விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

எங்கள் வலையில் என் பக்கத்து மூலைகள் இரண்டும் கொக்கியில் நின்றன. மற்ற பாதி உள்பக்கமாகச் சரிந்து பாயின் மேல் கிடந்தது. மகள் சுருட்டிய நாடாவும் கரைத்துண்டும் சுருட்டியபடியே தரையில். அவற்றுக்கு மேலே, நட்ட குழாயில், அந்தப் பச்சைக் கம்பி.

மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அட்டையின் முன்னால் நின்று உதட்டை அசைத்துப் படித்தாள். இரண்டாவது வரிக்கு அதிக நேரம் ஆனது. என் பக்கம் திரும்பவில்லை. "உன் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

கல்லூரிப் பெண் ஒருத்தி அருகில் வந்து, வங்காளத்தில் இருந்த வரிகளைப் படித்துவிட்டு, "நீங்களா மகள்? எதுக்காக அவிழ்த்தீங்க?" என்று மகளைக் கேட்டாள். நான் சங்கடப்பட்டேன். மகள் படவில்லை. "தோய்க்கறதுக்கு" என்றாள். பிறகு முடிச்சைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மூன்று சுற்று, மேலே ஏறிய இரண்டாவது சுற்று, உள்ளே போன வால். கையால் காற்றில் காட்டினாள். இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அன்று மாலை முழுவதும் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் மனைவியின் கைகளைப் பற்றி நான் கேட்ட முதல் முழு விவரம் அது.

கலைஞர் தூரத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாராட்டுக் கடிதங்களுக்கு என்னிடம் நல்ல வாசகங்கள் உண்டு, நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒன்றும் பொருந்தவில்லை. "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லுங்க ஜேட்டு, சர்க்கரை கூடுதலா" என்றார்.

கண்காட்சி முடிந்து வலை வீட்டுக்கு வந்த ஞாயிறு, மகளும் வந்தாள். ஜன்னலில் புதுக் கம்பி வர்ணம் இல்லாமல் பளபளவென்று இருந்தது. கைப்பிடியைப் பீரோவில் மறுபடி முடுக்கியாயிற்று. மகள் நாடாவை எடுத்துக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, பள்ளிக்கூட ஷூவுக்குப் போடுகிற மாதிரி ஒரு பூ முடிச்சுப் போட்டாள்.

"அம்மா முடிச்சு வரும்னியே?"

"வரும். ஆனா அடுத்த மாசம் தோய்க்கணும், யார் நெம்பறது?"

"இது நிக்காது."

"நிக்கலேன்னா போன் பண்ணு, வரேன்."

நின்றது. அடுத்த மாதம் அதை நானே அவிழ்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வலையைத் துவைத்துக் காயவைத்து, மாலையில் நானே கட்டினேன். எனக்குப் பூ முடிச்சு சரியாக வரவில்லை. ஜன்னல் பக்கம் கொஞ்சம் தொய்ந்து, படுத்தால் நெற்றியில் படுகிறது. போனில் சொன்னேன். இடது பக்க நெற்றியா, வலதா என்று மகள் கேட்டாள்.